தீர்த்தம்மாள் தனியாக நடந்த வராந்தா

உங்கள் ஊர்க் கல்லூரியில் பெண்கள் வகுப்பறைக்குள் எப்படிப் போகிறார்கள் என்று ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். மகளுக்கு இடம் கிடைத்த அன்று முதல்வர் அறை வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றீர்கள். இடம் கிடைத்ததும் சாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டு ஊர் திரும்பினீர்கள். அதோடு உங்கள் கல்விக் கடமை முடிந்தது. ஆகவே நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மணி அடித்ததும் ஆண்கள் தங்கள் விருப்பம்போல வகுப்புக்குள் போகிறார்கள். ஜன்னலேறிக் குதித்துப் போகிறவனும் உண்டு. பெண்கள் போவதில்லை. அவர்கள் மைதானத்தின் மூலையிலுள்ள ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு 'லேடீஸ் ரூம்' என்று பெயர். பாடம் நடத்தப்போகும் ஆசிரியர் அந்த அறை வாசலுக்கு வந்து ஒரு கனைப்புக் கனைக்க வேண்டும். உடனே பெண்கள் எழுந்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்து, வரிசையாக அவர் பின்னால் நடக்க வேண்டும். பாடம் முடிந்ததும் அதே வரிசையில் அவர் பின்னாலேயே திரும்பி வர வேண்டும். அடுத்த ஆசிரியர் வரும்வரை மறுபடியும் அந்த அறை. மூன்று வருடப் பட்டப்படிப்பு இப்படித்தான் முடிகிறது.

இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தருமபுரி மாவட்டத்தில் நான் சொல்லப்போகும் இந்தக் கல்லூரி தொடங்கி இருபது வருடம்கூட ஆகவில்லை. சுவரில் அடித்த சுண்ணாம்பின் வாசனை முழுதாகப் போவதற்குள் காலங்காலமாக வந்த வழக்கம் ஒன்று அங்கே முளைத்துவிட்டது. நம் நாட்டில் மூடத்தனத்துக்கு மட்டும் வயது பார்ப்பதில்லை. பிறந்த அன்றே அதற்கு நரை வந்துவிடும்.

தீர்த்தம்மாள் அந்தக் கல்லூரியில் எண்பத்தொன்றாம் வருடம் வேதியியல் படிக்கச் சேர்ந்தாள். கடத்தூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர். தகப்பன் மாது, நிலக்கடலையும் சோளமும் போடுகிற விவசாயி. தாய் ராமக்காள். அண்ணன் காளியப்பன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி எழுதிச் சலித்து, கடைசியில் தேர்வு எழுதுவதையே விட்டுவிட்டவன். அவன் ஒவ்வொரு முறை தோற்றபோதும் வீட்டில் யாரும் நிபந்தனை போடவில்லை. 'நேரம் சரியில்லை' என்றார்கள். நேரத்தைச் சரிசெய்ய அவனுக்கு ஒரு மொபெட் வாங்கிக் கொடுத்தார்கள்.

தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். அவளுக்கு நிபந்தனை வந்தது. உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு மாது அறிவித்தார்:

"மூணு வருசம் படிக்கட்டும். நடுவுல ஒரு பேப்பர் நின்னாலும் பொட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துரணும். நஞ்சப்பன் எத்தனை வருசந்தான் காத்துக்கிட்டு இருப்பான்?"

நஞ்சப்பன் ராமக்காளின் தம்பி, லாரி வைத்திருப்பவர். அவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க மாமா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அக்கா மகள் பி.எஸ்சி.யில் தோற்பாள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

தீர்த்தம்மாளுக்கு ஆசிரியை ஆக வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்கு ஒரு தாளிலும் தோற்கக் கூடாது. தலைக்கு மேல் இந்தக் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் அவள் கல்லூரிக்குள் கால் வைத்தாள்.

முதல் நாள் புதியவர்களை மரத்தடியில் உட்கார வைத்து, வேதியியல் துறைத் தலைவர் முனிரத்தினம் அறிவுரை வழங்கினார். சைக்கிளை எங்கே நிறுத்த வேண்டும், பஸ் பாஸுக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், கேன்டீனில் டீ எத்தனை மணி வரை கிடைக்கும், நூலகம் எப்போது திறக்கும் என்று எல்லாம் விவரமாகச் சொன்னார். சைக்கிளும் கேன்டீனும் நூலகத்துக்குள் நடமாடுவதும் ஆண்களுக்கு. பெண்கள் நூலகத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்று புத்தகத்தின் பெயரைச் சொன்னால், பியூன் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்து நீட்டுவார். பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு! ஆசிரியர்களுக்கான கழிப்பிடத்தின் சாவி லேடீஸ் ரூம் ஆயா பாஞ்சாலியின் முந்தானையில் முடிந்திருக்கும். கேட்டுக் கெஞ்சி வாங்க வேண்டும்.

பேச்சை முடிக்கும்போது முனிரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொண்ணுங்க எல்லாம் நல்லா கேட்டுக்குங்கம்மா. நம்ம காலேஜுக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்குது. சார் வராம நீங்க யாரும் ரூமை விட்டு வரக்கூடாது. தனியா வராந்தாவுல நடக்கக்கூடாது. இது உங்க பாதுகாப்புக்குத்தான்."

பாதுகாப்பு! அந்தப் பாதுகாப்பின் அழகை மறுநாளே அவர்கள் பார்த்தார்கள். பெண்கள் வரிசையாக வரும் நேரம் ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் வராந்தாவின் இரண்டு பக்கமும் தூணுக்குத் தூண் சாய்ந்துகொண்டு நிற்பார்கள்.

"கூட்ஸ் வருது டோய், கேட்டைச் சாத்து!"

"எத்தனை பெட்டின்னு எண்ணுடா!"

"கடைசிப் பெட்டிக்கு லைட் இல்லடா மாப்ள!"

முன்னால் போகும் ஆசிரியருக்கு இன்ஜின் என்று பெயர். அவர் காதிலும் விழும். விழாததுபோல நடப்பார். சில ஆசிரியர்கள் தங்களை இன்ஜின் என்று சொல்வதைக் கேட்டு உதட்டுக்குள் சிரித்துக்கொள்வதைப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி தன் பாட்டுக்கு நடந்து போனால் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். வரிசையாகக் கட்டி இழுத்துப் போனால்தான் அது ஊர்வலமாகிறது, வேடிக்கையாகிறது. கேலியை உண்டாக்குவதே இந்தப் பாதுகாப்புதான் என்பது எம்.எஸ்சி. படித்த முனிரத்தினத்தின் புத்திக்கு எட்டவில்லை.

வேதியியல் வகுப்பில் பெண்கள் ஏழு பேர். தீர்த்தம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நசீம் பானு. தருமபுரி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். வாய்த் துடுக்கு. முதல் வாரத்திலேயே அவள் தீர்த்தம்மாளின் காதில் சொன்னாள்:

"எங்க வூட்டுல கோழிகூட கூடையைத் தெறந்தா தானா வெளிய போவுது, தானா உள்ள வருது. நம்மளப் பாரு, கனைக்கறதுக்கு ஆள் வேணும்."

"சும்மா இருடி, சிரிப்பு வருது" என்றாள் தீர்த்தம்மாள்.

"சிரிச்சா அதுக்கும் ஒரு பாரம்பரியம் வெச்சிருப்பாரு."

தீர்த்தம்மாளுக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றது. அவள் கடத்தூர்ப் பக்கத்து பஸ்ஸில் வருகிறவள். பஸ் ஒரு நாள் நேரத்துக்கு வரும், ஒரு நாள் வழியில் டயர் வெடித்து நிற்கும். அப்படி ஒரு நாள் அவள் வந்து சேர்ந்தபோது லேடீஸ் ரூம் காலியாக இருந்தது. வரிசை போய்விட்டது. அவள் ஓட்டமும் நடையுமாக வகுப்பு வாசலுக்குப் போய் நின்றாள். அதே நேரத்தில் அதே பஸ்ஸில் இறங்கிய இரண்டு பையன்கள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முனிரத்தினம் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"எங்கம்மா வர்றே?"

"பஸ் லேட்டுங்க சார்."

"லேட்டானா ரூம்லயே இருக்கணும். தனியா இவ்வளவு தூரம் வந்திருக்கியே, நம்ம காலேஜ் வழக்கம் தெரியாதா?"

"எங்க ஊர்லேர்ந்து பஸ்சுக்குச் சோளக்காட்டு வழியா தனியாத்தானுங்க சார் நடந்து வர்றேன். இந்த வராந்தாவுல என்னங்க இருக்குது?"

பின் பெஞ்சில் எவனோ விசிலடித்தான். முனிரத்தினத்துக்குக் கோபம் விசிலடித்தவன் மீது வரவில்லை.

"வாய் பேசறதுக்கு காலேஜுக்கு வந்தியா? போ, அடுத்த பீரியடுக்குச் சாரோட வா."

அவள் திரும்பி நடந்தாள். அன்றைய வருகைப் பதிவில் அவள் இல்லை. அதே பஸ்ஸில் வந்த பையன்கள் இருந்தார்கள். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாவிட்டால் நஞ்சப்பன். ஆகவே அவள் அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க இருட்டிலேயே எழுந்து சோளக்காட்டு வழியே நடந்தாள். பாம்பும் நரியும் திரிகிற அந்த நேரத்தில் அவளுக்குப் பாதுகாப்பாக முன்னால் நடக்க எந்த முனிரத்தினமும் வரவில்லை. வழுவழுவென்று சிமெண்டு பூசிய வராந்தாவில்தான் அவருக்கு அக்கறை.

முனிரத்தினத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வேதியியல் ஆய்வகத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவர் முயற்சியில் ஒரு பிள்ளையார் முளைத்திருந்தது. ஆண்டுத் தேர்வு தொடங்கும்போது அதன் முன்னால் தேங்காய் உடைக்காமல் அவர் ஆய்வகத்தைத் திறக்க மாட்டார். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று பாடம் நடத்துகிறவர், அந்த உப்பின் பெயரை மாணவன் கண்டுபிடிக்கத் தேங்காய்ச் சில்லு துணை வர வேண்டும் என்று நம்பினார். ராகு காலத்தில் எந்தக் காரியமும் தொடங்க மாட்டார். பகல் முழுவதும் விஞ்ஞானத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு, பஞ்சாங்கத்துக்கு வேலை செய்கிற ஆள். இந்த நாட்டுக் கல்லூரிகளில் இந்தச் சரக்குக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

மூன்றாம் ஆண்டு. மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை. வேதியியல் செய்முறைத் தேர்வு.

செய்முறைத் தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான். அதில் தோற்றால் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும். தேர்வை நடத்த வேறு கல்லூரியிலிருந்து, இந்த முறை சேலத்திலிருந்து, ஒரு தேர்வாளர் வருவார். அவரோடு இந்தக் கல்லூரி சார்பில் முனிரத்தினமும் இருப்பார். பெண்கள் ஏழு பேரையும் ஒரே அணியில் போட்டிருந்தார்கள். காரணம் வேறொன்றுமில்லை, மொத்தமாக அழைத்துப் போக வசதி.

பத்து மணிக்குத் தேர்வு. காலையிலேயே ஏழு பேரும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு லேடீஸ் ரூமில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணி ஆனது. யாரும் வரவில்லை. பாஞ்சாலி வெளியே போய் ஒரு செய்தி கொண்டு வந்தாள்.

"தொப்பூர்ல லாரி கவுந்திருச்சாமா. பஸ்சு எல்லாம் நிக்குதாமா. சேலத்து சார் அங்கதான் மாட்டிக்கிட்டாராம். நீங்க படிங்க கண்ணு, சார் வந்து கூப்புடுவாரு."

தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்வது அதிசயமான செய்தி அல்ல. பெண்கள் நம்பினார்கள். கொஞ்சம் நிம்மதிகூட அடைந்தார்கள். உப்புப் பரிசோதனையின் படிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். பாலக்கோட்டிலிருந்து வரும் கண்ணம்மாள் மட்டும் கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்த விபூதியை எல்லோருக்கும் பூசிவிட்டாள். நசீம் பானுவிடமும் வந்தாள்.

"எனக்கு வெச்சா சல்பேட்டு வருமா, குளோரைடு வருமா? அதை முதல்ல சொல்லு" என்றாள் நசீம்.

"அடிப் பாவி, பரீட்சை அன்னைக்குமா!"

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது வெளியே என்ன நடந்தது என்று பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சேலத்துத் தேர்வாளர் ஏறிவந்த பஸ் நெரிசலிலிருந்து தப்பி வந்து சேர்ந்துவிட்டது. அவர் கல்லூரி வாசலில் இறங்கியபோது பத்தேகால் இருக்கும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். முனிரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நேராக வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். தேங்காயை உடைத்தார். பத்தரை அடிப்பதற்குள் ஆய்வகத்தைத் திறந்து, வராந்தாவில் நின்ற பையன்களை உள்ளே தள்ளி, உப்புப் பொட்டலங்களைக் கொடுத்துத் தேர்வைத் தொடங்கிவிட்டார். ராகுவை ஜெயித்துவிட்ட திருப்தியில் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு பெண்களை மறந்துவிட்டார்.

ராகு வருகிற நேரம் அவருக்கு நிமிட சுத்தமாக நினைவிருந்தது. மூன்று வருடம் தன் பின்னால் நடந்த ஏழு உயிர்கள் நினைவில்லை. முதுகுக்குப் பின்னால் வருகிறவர்களின் முகம் எப்படி நினைவிருக்கும்?

பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் உடையும் சத்தம் மைதானத்தின் இந்தக் கோடிக்குக் கேட்கவில்லை. அவர்களாக எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. எழுந்து போவது என்ற ஒன்று அவர்கள் பழக்கத்திலேயே இல்லை. மூன்று வருடம் ஒருவரை உட்கார வைத்தால், கால் இருப்பதே மறந்துபோகும்.

வெயில் ஏறியது. காற்று திசை மாறியது. தீர்த்தம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன நாத்தம் இது?"

நசீம் மூக்கைச் சுளித்தாள். "அழுகின முட்டை. பாஞ்சாலியம்மா, சோத்துக்கு என்ன கொண்டாந்தீங்க?"

"நானு களிதாங்கண்ணு கொண்டாந்தேன்" என்றாள் பாஞ்சாலி.

தீர்த்தம்மாள் சிரிக்கவில்லை. உப்புப் பரிசோதனை செய்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். கரைசலுக்குள் செலுத்துவதற்காக ஆய்வகத்தில் ஒரு வாயு தயாரிப்பார்கள். அது அழுகிய முட்டைபோல நாறும். பாதி வேலை முடிந்தவன்தான் அந்த வாயுவைக் கேட்டுப் போவான்.

"பரீட்சை ஆரம்பிச்சிருச்சு" என்றாள் அவள். "அதுவும் எப்பவோ ஆரம்பிச்சிருச்சு. கேஸ் விடற அளவுக்கு வந்துட்டாங்க."

கண்ணம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அப்படி இருக்காது. ஆரம்பிச்சா சார் வந்து கூப்புட மாட்டாரா?"

"வரலையே."

"வருவாரு. நாமளா போனா வெளியூர் சார் முன்னாடி நம்மள என்ன நெனைப்பாரு? பெயிலாக்கிட்டா?"

"இங்கேயே குந்தியிருந்தா மட்டும் பாஸாக்கிருவாரா?"

பாஞ்சாலி வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "வேணாங் கண்ணு. உங்கள வெளிய வுட்டேன்னு என் பொழப்புல மண்ணு வுழுந்துரும். இருங்க, நான் போயி சாரைப் பாத்துட்டு வர்றேன்."

"நீங்க போயி, அவரு வந்து, கனைச்சு, நாங்க எந்திரிச்சு வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும் ஆயா. நகருங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

அவள் வெளியே இறங்கினாள். நசீம் பானு பின்னாலேயே வந்தாள். இன்னும் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழுந்தார்கள். கண்ணம்மாளும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தியும் எழவில்லை.

மைதானத்தைக் கடந்து வராந்தாவில் ஏறினார்கள். வேறு வகுப்புப் பையன்கள் தூண்களில் சாய்ந்திருந்தார்கள். ஒரு நொடி அவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருவன் கத்தினான்:

"டேய், இன்ஜின் இல்லாம பெட்டி வருதுடா!"

"அப்ப தண்டவாளத்துல நிக்காத, நகரு!" என்றாள் நசீம் பானு.

அவன் நகர்ந்தான். நம்புங்கள், வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை. யாருடைய கற்பும் தரையில் சிந்தவில்லை. மூன்று வருடம் எந்த ஆபத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றினார்களோ, அந்த ஆபத்து ஒதுங்கி நின்று வழிவிட்டது.

ஆய்வகத்துக்குள் பையன்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். முனிரத்தினம் வாசலில் இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. பின்னாலிருந்த ஏழு காலி மேசைகள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. ஆனால் இத்தனை வருட அனுபவம் வீண் போகுமா? அவர் நொடியில் சமாளித்துக்கொண்டார்.

"இதுதான் வர்ற நேரமா? பரீட்சைக்கு லேட்டா வர்றதுக்கு வெக்கமா இல்லை?"

சேலத்துத் தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இவங்கள்லாம் யாரு? ஆப்சென்ட்டுன்னு நெனச்சேன்."

"லேட்டா வந்திருக்காங்க சார். கிராமத்துப் பொண்ணுங்க. பொறுப்பு இருக்காது" என்றார் முனிரத்தினம்.

தீர்த்தம்மாள் தேர்வாளருக்கு நேராகத் திரும்பினாள்.

"நாங்க லேட்டா வரலைங்க சார். பத்து மணிக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கறோம்."

"எங்க?"

"லேடீஸ் ரூம்லங்க."

"பரீட்சை இங்க நடக்குது. அங்க எதுக்கு உக்காந்திருந்தீங்க?"

"சார் பின்னாடி வர்றதுக்குங்க."

தேர்வாளர் அவளையும் முனிரத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பொங்கி எழுந்து நியாயம் வழங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் கல்லூரியிலும் அதே வழக்கம் இருந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கூட நேரமெல்லாம் தர முடியாது. இருக்கற நேரத்துல செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு முனிரத்தினத்திடம், "இன்னும் ரெண்டு பேர் எங்கே?" என்று கேட்டார். முனிரத்தினம் பியூனை அனுப்பினார். பியூன் வெற்றிலை போட்டு மென்றுகொண்டே மைதானத்தைக் கடந்து போய் அந்த இரண்டு பேரையும் அழைத்து வந்தபோது பாக்கி நேரத்திலும் ஒரு பகுதி போயிருந்தது.

தீர்த்தம்மாள் தனக்குக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் சோதனைகளில் சிலவற்றைச் செய்யாமல் தாண்டினாள். கரைசலில் நாறும் வாயுவைச் செலுத்தியபோது ஆரஞ்சு நிறத்தில் வீழ்படிவு வந்தது. அது எந்த உலோகம் என்று அவளுக்குத் தெரியும். எழுதினாள். இரண்டாவது உலோகத்தையும் பிடித்துவிட்டாள். மற்ற பாதியான அமிலப் பகுதிகளுக்கு வந்தபோது நேரம் இல்லை. ஒன்றைச் சரியாகவும் ஒன்றை ஊகித்தும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பக்கத்து மேசையில் நசீம் பானு பாதியில் விட்ட சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

தேர்வு முடிவு வந்தது. தீர்த்தம்மாள் தேறினாள். பள்ளியில் முதலாவதாக வந்தவளுக்கு எல்லைக்கோட்டை ஒட்டிய மதிப்பெண்கள். முதல் வகுப்பு போனது போனதுதான். அவளோடு எழுந்து வந்தவர்களில் இரண்டு பேர் தேறினார்கள். நசீம் பானு அந்த ஒரு தேர்வில் தோற்று, ஒரு வருடம் காத்திருந்து, மறு மார்ச்சில் வந்து எழுதினாள். அப்போது அவள் லேடீஸ் ரூம் பக்கமே போகாமல் வாசலிலிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போய் நின்றாளாம். கண்ணம்மாள் தோற்றாள். அவள் வீட்டில் மறுபடியும் எழுத விடவில்லை. ஆனி மாதமே கல்யாணம்.

நஞ்சப்பன் வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார். நிபந்தனையில் தோற்றுப்போன மாது அதற்குப் பிறகு மகளை ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. தீர்த்தம்மாள் பி.எட். முடித்து, இப்போது இந்த மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள். இவ்வளவையும் அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

போன வருடம் பாலக்கோடு பஸ் நிலையத்தில் அவள் கண்ணம்மாளைப் பார்த்தாளாம். கண்ணம்மாள் தக்காளிக் கூடைகளை மண்டிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். தக்காளி விற்பதில் ஓர் இழிவும் இல்லை. விருப்பப்பட்டு விற்றால் பெருமைதான். ஆனால் அவள் விருப்பத்தை யார் கேட்டார்கள்? பழைய கதை பேசும்போது கண்ணம்மாள் சொன்னாளாம்:

"நீங்க போன பொறவு நானுந்தான் எந்திரிச்சேன் தீர்த்தம்மா. வாசப்படி வரைக்கும் வந்தேன். சார் வந்துருவாருன்னுதான் நெனச்சேன்."

அந்த அம்மாள் இன்னமும் முனிரத்தினத்தின் மீது கோபப்படவில்லை. தான் வாசற்படியைத் தாண்டாததற்காகத் தன்னையே நொந்துகொள்கிறாள். அடிமைத்தனம் முழுமை பெறுவது இப்படித்தான்.

கல்லூரி என்ன பாடம் கற்றது என்று கேட்பீர்கள். கற்றது. ஏழு பேரில் நான்கு பேர் அந்த ஒரு தேர்வில் தோற்ற பிறகு ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். அந்த அறையை ஒழிக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தேர்வு நாட்களில் ஆசிரியருக்கு வேலை இருந்தால் பியூன் போய்ப் பெண்களை அழைத்து வர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்ஜின் வராவிட்டால் மாற்று இன்ஜின். முனிரத்தினம் இன்றைக்கும் புதியவர்களை மரத்தடியில் உட்கார வைத்துப் பாரம்பரியம் பேசுகிறார். வேப்பமரத்துப் பிள்ளையாருக்கு இப்போது சிமெண்டுக் கூரை போட்டிருக்கிறார்கள். பெண்களுக்குக் கழிப்பிடம் இன்னும் கட்டவில்லை.

அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது. மரத்தடியில் யாரும் சொல்லாத விவரம் ஒன்றை உங்கள் மகளுக்கோ தங்கைக்கோ நீங்களே சொல்லி அனுப்புங்கள்: மணி அடித்தால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். எழுந்து போய் உட்காரலாம். கனைப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். முதல்வர் அறை வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்காமல் தோளில் போட்டுக்கொண்டு நின்று, "என் பெண் யார் பின்னாலும் நடக்க மாட்டாள்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் மாணவராக இருந்தால், அந்தத் தூணை விட்டு இன்றே விலகி நில்லுங்கள்.